மேகத்துக்கு அடியில் நடப்பது

பிரேசிலில் 'சட்டப்படியான அமேசானியா' என்று வரையறுக்கப்பட்ட பகுதியின் பரப்பு ஏறத்தாழ 50 லட்சம் சதுர கி.மீ. இந்தியாவைப் போல ஒன்றரை மடங்கு. அதில் பெரும்பகுதி காடு. அங்கே ஏதோ ஒரு மூலையில் இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனமான இரும்புச் சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால், குறுக்கே நிற்கும் மரங்கள் எல்லாம் வேரோடு சாயும். அப்படி ஒரு வாரம் இழுத்தால் ஒரு கிராமம் அளவுக்கு வெட்டவெளி கிடைத்துவிடும். தலைநகர் பிரசீலியாவில் இருக்கும் வனச்சட்ட அதிகாரிக்கு அது எப்படித் தெரிய வரும்? ரோந்து போகும் ஆட்களை நம்பி இவ்வளவு பெரிய காட்டைக் காக்க முடியாது என்பது அந்த நாட்டுக்கு மிக முன்பே புரிந்துவிட்டது.

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அடுத்த ஆண்டே பிரேசில் அதன் படங்களை நேரடியாக வாங்கும் ஆண்டெனாவை மாத்தோ குரோசோ மாநிலத்தின் குயாபா நகரில் நிறுவிவிட்டது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அடுத்து அந்த வசதியைப் பெற்ற மூன்றாவது நாடு அது. தென்னமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் குயாபாவிலிருந்து பார்த்தால் கண்டத்தின் பெரும்பகுதிக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோளோடு பேசலாம்.

அதே காலத்தில் அந்நாட்டு ராணுவ அரசு காட்டுக்குள் சாலைகள் போட்டு, நிலமற்றவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிக்கொண்டிருந்தது. குயாபாவிலிருந்து போர்த்தோ வேல்யோவுக்குச் செல்லும் பி.ஆர்.364 நெடுஞ்சாலைக்கு 1984-ல் தார் போட்டு முடித்தார்கள். அதன் இருபுறமும் 4, 5 கி.மீ.க்கு ஒன்றாகக் கிளைச் சாலைகள் பிரிந்தன. கிளைச் சாலையோரம் குடும்பத்துக்குச் சுமார் 100 ஹெக்டேர் நிலம் தரப்பட்டது. மேலிருந்து எடுத்த படங்களில் ரொண்டோனியா மாநிலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைப் பார்த்தவர்கள் அந்த வடிவத்துக்கு 'மீன்முள்' என்றே பெயர் வைத்தார்கள். நடுவில் தண்டு, இருபுறமும் முட்கள், பிறகு முட்களுக்கு இடையில் இருந்த சதையும் காணாமல் போகும். அமேசானில் அழிந்த காட்டில் 95 விழுக்காடு சாலையிலிருந்து 5.5 கி.மீ. தூரத்துக்குள்ளோ ஆற்றிலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள்ளோ இருக்கிறது என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அடுத்து எங்கே வெட்டுவார்கள் என்று அறியச் சாலை வரைபடமே பாதி விடை சொல்லிவிடும்.

இனி, படம் காட்டை எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்ப்போம். செயற்கைக்கோளின் உணரி அளப்பது தரையில் பட்டுத் திரும்பும் வெயிலைத்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக, எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொள்கிறது. இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியால் இலைக்குப் பயனில்லை. இலையின் உள்ளே இருக்கும் செல்களும் அவற்றுக்கு இடையிலான காற்றறைகளும் அதைச் சிதறடித்து, வந்ததில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே சிவப்பு குறைந்து அகச்சிவப்பு கூடியிருக்கும் இடத்தில் உயிருள்ள பச்சை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டுச் செடிகொடிகளின் அளவை மதிப்பிடும் முறையை 1970-களின் கடைசியில் காம்ப்டன் டக்கர் போன்றவர்கள் நிலைநாட்டினார்கள்.

ஆனால் அமேசானில் இது மட்டும் போதாது. காட்டை அழித்தவர்கள் அங்கே பெரும்பாலும் மாட்டுக்குப் புல் வளர்க்கிறார்கள். மழை பெய்ததும் அந்தப் புல்லும் செழித்துப் பச்சையாகிவிடும். பச்சையை மட்டும் நம்பினால் மேய்ச்சல் நிலமும் காடும் ஒன்றுபோலத் தெரியும்.

பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பெயில் பணியாற்றிய யோசியோ ஷிமாபுகுரோ இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர் நிழலைக் கணக்கில் எடுத்தார். லேண்ட்சாட் படத்தின் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்த 900 சதுர மீட்டருக்குள் எவ்வளவு பச்சை, எவ்வளவு மண், எவ்வளவு நிழல் என்று கணிதத்தால் பிரித்துவிடலாம் என்றார். முதிர்ந்த மழைக்காட்டின் மேற்பரப்பு சமமாக இருக்காது. 40, 50 மீட்டர் உயர மரங்கள் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும்; பக்கத்து மரங்கள் மேல் அவற்றின் நிழல் விழும். புல்வெளியில் அந்த நிழல் கிடையாது. புதிதாக வெட்டிய இடத்தில் நிழல் மறைந்து மண்ணின் பங்கு சட்டென்று ஏறும். காட்டின் வயதையும் உயரத்தையும், ஏறிப் பார்க்காமலே, அதன் நிழலிலிருந்து படித்துவிடலாம் என்ற எண்ணத்தில் எவ்வளவு அழகு இருக்கிறது!

1988 முதல் இன்பெ ஆண்டுதோறும் காடழிப்பைக் கணக்கிட்டு வருகிறது. புரோடெஸ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். ஆகஸ்டில் தொடங்கி மறு ஜூலையில் முடிவது அதன் ஆண்டு. மேகம் குறைந்த வறண்ட மாதங்களில் எடுத்த 200-க்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்கள் அதற்குத் தேவை. தொடக்கத்தில் காகிதத்தில் அச்சிட்ட படங்களின் மேல் பயிற்சி பெற்ற ஆட்கள் கையால் கோடு வரைந்து, வெட்டப்பட்ட இடங்களைக் குறித்தார்கள். கணினிக்கு மாறிய பிறகும் கடைசி முடிவு மனிதக் கண்ணுடையதுதான். 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டு கணக்கில் வராது. ஒருமுறை அழிந்த இடமாகக் குறித்துவிட்டால் பிறகு அங்கே மரம் முளைத்தாலும் அது மீண்டும் காடாக எண்ணப்படாது. இந்த விதிகளைக் குறை சொல்லலாம். ஆனால் அவற்றை மாற்றாமல் வைத்திருந்ததால்தான் 1995-ன் 29,059 சதுர கி.மீ. என்ற எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

புரோடெஸ் தந்த கணக்கு நேர்மையானது. ஆனால் அது தாமதமாக வந்தது. வறண்ட காலத்தில் எடுத்த படத்தைப் படித்து முடித்து எண் வெளியாவதற்குள் வெட்டியவன் போய்விட்டிருப்பான், மரம் விற்றிருக்கும், மாடு மேய்ந்துகொண்டிருக்கும். சம்பவ இடத்தில் பிடித்தால்தான் டிராக்டரைப் பறிமுதல் செய்ய முடியும், ஆளைக் காவலில் வைக்க முடியும். ஒரு வருடம் கழித்துப் போனால் அபராதச் சீட்டை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாது. நிலப் பட்டா குழப்பமான ஊர்களில் நிலம் யாருடையது என்பதும் தெரியாது.

2004-ல் அது மாறியது. அந்த ஆண்டு அழிந்த காடு 27,772 சதுர கி.மீ. அக்ரி மாநிலத்தில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்த மரீனா சில்வா அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர். அவர் காலத்தில் தொடங்கிய காடழிப்புத் தடுப்புத் திட்டத்தின் கண்ணாக, டெட்டர் என்ற இரண்டாவது முறையை இன்பெ உருவாக்கியது. இது நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் உணரியின் படங்களைப் பயன்படுத்தியது. அந்தப் படங்கள் மங்கலானவை. ஒரு பிக்சலே 250 மீட்டர் அகலம். 25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டை நம்பிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த உணரி ஏறக்குறைய தினமும் அதே இடத்தைப் பார்க்கும். தெளிவை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கினார்கள். எங்கே புதிதாக மண் தெரிகிறதோ அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை சுற்றுச்சூழல் காவல் அமைப்பான இபாமாவுக்குப் போனது. இபாமாவின் ஆட்கள் ஹெலிகாப்டரிலும் ஜீப்பிலும் கிளம்பினார்கள்.

2012-ல் அழிவு 4,571 சதுர கி.மீ. ஆகக் குறைந்தது. எட்டு ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்கு.

இதைச் செயற்கைக்கோளின் வெற்றி என்று உடனே எழுதிவிடுவது எளிது. பலர் எழுதவும் செய்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் வேறு பலவும் நடந்தன. 2006-ல் சோயா வாங்கும் பெரிய நிறுவனங்கள், புதிதாகக் காடழித்த நிலத்தின் விளைச்சலை வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பாதுகாக்கப்பட்ட வனங்களின் பரப்பு கூட்டப்பட்டது. சோயாவுக்கும் மாட்டிறைச்சிக்கும் விலை ஏறி இறங்கியது. இவற்றுக்கு நடுவே படத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? ஒரே காட்டைச் செயற்கைக்கோள் இல்லாமல் இன்னொரு முறை வாழவைத்துப் பார்க்க முடியாதே.

ஜூலியானோ அசுன்சாவ், கிளாரிசா காந்தூர், ரொமேரோ ரோஷா ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அதற்கு மேகத்தைப் பிடித்தார்கள். டெட்டருக்கு மேகத்தை ஊடுருவிப் பார்க்கத் தெரியாது. மாதாமாதம் வெளியிடும் வரைபடத்திலேயே எந்தெந்தப் பகுதி மேகத்தால் மறைந்திருந்தது என்று இன்பெ குறித்துவிடும். மேகம் எந்த ஊரின் மேல் நிற்கும் என்பதை அரசாங்கமும் முடிவு செய்வதில்லை, மரம் வெட்டுபவரும் முடிவு செய்வதில்லை. அப்படியானால் மேகம் அதிகம் நின்ற ஊர், தற்செயலாகக் கண்காணிப்பு இல்லாமல் போன ஊர். மற்ற எல்லாம் ஒன்றுபோல இருந்து, கண் மட்டும் மூடியிருந்த ஊர். மழை பெய்தால் வெட்டும் வேலையே சுணங்கும் என்பதால் மழையளவையும் வெப்பநிலையையும் தனியே கணக்கில் எடுத்துக் கழித்தார்கள். மிஞ்சிய விடை தெளிவாக இருந்தது. மேகம் கூடிய ஆண்டில் அந்த ஊரில் இபாமா போட்ட அபராதங்கள் குறைந்தன. அபராதம் குறைந்த ஊரில் அடுத்த ஆண்டு வெட்டு கூடியது.

காடழிப்பு பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் இதற்கு நான் தனி இடம் தருவேன். ஏனென்றால் படத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் கண்ணியை அது கண்டுபிடித்துக் காட்டுகிறது. படம் வந்தது, ஆள் போனார், அபராதம் விழுந்தது, அடுத்தவன் தயங்கினான். இந்த நான்கில் எது அறுந்தாலும் மீதி மூன்றும் வீண். இபாமாவுக்கு ஹெலிகாப்டர் எரிபொருள் வாங்கப் பணம் இல்லாத ஆண்டில் உலகத்தின் அத்தனை செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஒரு மரத்தைக்கூடக் காப்பாற்றாது.

வெட்டியவர்களும் சும்மா இருக்கவில்லை. 25 ஹெக்டேருக்கு மேல் வெட்டினால்தான் மாட்டுவோம் என்று புரிந்ததும் வெட்டுகள் சிறியவையாயின. பெரிய பரப்பை ஒரே மூச்சில் மொட்டையடிப்பது குறைந்து, துண்டு துண்டாக அரிப்பது கூடியது. சிலர் பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவைத்து, அடியில் உள்ளதை மட்டும் வெட்டிப் புல் விதைத்தார்கள். நிழலை வைத்துக் காட்டைப் படிக்கும் முறைக்கு நிழலையே கொடுத்து ஏமாற்றப் பார்த்தார்கள்.

2015-ல் இன்பெ டெட்டரின் கண்ணை மாற்றியது. புதிய முறைக்குப் படம் தந்த உணரிகளில் ஒன்று இந்தியாவுடையது. இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட்-2-ல் உள்ள ஏவிஃப்ஸ் உணரி 740 கி.மீ. அகலத்தை ஒரே வீச்சில் பார்க்கும். பிக்சல் 56 மீட்டர். 5 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். லேண்ட்சாட்டின் தெளிவுக்கும் மோடிஸின் வேகத்துக்கும் இடைப்பட்டது. சீனாவும் பிரேசிலும் சேர்ந்து உருவாக்கிய சிபெர்ஸ்-4 கூடவே உதவியது. இப்போது 3 ஹெக்டேர் வெட்டும் தெரிந்தது. பிறகு பிரேசில் முழுக்கத் தானே வடிவமைத்த புவி நோக்குச் செயற்கைக்கோளான அமேசானியா-1, 2021 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி51 மூலம் ஏறியது. சென்னைக்கு வடக்கே கடலோரத்திலிருந்து புறப்பட்ட ஒரு ராக்கெட்டுக்கும் ரொண்டோனியாவின் மரங்களுக்கும் இடையிலான இந்த உறவு நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டியது அது.

படத்துக்கு இன்னொரு குறை உண்டு. எங்கே வெட்டினார்கள் என்று காட்டும். யார் வெட்டினார்கள் என்று காட்டாது. பாரா மாநிலத்தின் பாராகோமினாஸ் ஊரின் கதை இதை நன்றாக விளக்கும். மரம் அறுக்கும் ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. 2008 ஜனவரியில் மத்திய அரசு, காடழிப்பு அதிகமான 36 நகராட்சிகளைப் பட்டியலிட்டது. பட்டியலில் உள்ள ஊரில் கண்காணிப்பு இறுகும், கடன் கிடைப்பது கடினமாகும், மாடு விற்பதும் சிக்கலாகும். பாராகோமினாஸும் அதில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு கும்பல் இபாமா அலுவலகத்தைத் தாக்கி, பறிமுதல் செய்த மரங்களோடு நின்ற லாரிகளைக் கடத்திக்கொண்டு போனது. ஊர் தலைகுனிந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு நகராட்சியும் பண்ணையாளர்களும், பெலெம் நகரின் இமாசோன் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வேறு வழியில் இறங்கினார்கள்.

பட்டியலிலிருந்து வெளியே வர இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஆண்டு அழிவு 40 சதுர கி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டும். ஊரக நிலத்தில் 80 விழுக்காட்டுக்கு எல்லை வரைந்து சுற்றுச்சூழல் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாவதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு பண்ணையின் எல்லையும் படத்தின் மேல் கோடாக விழுந்ததும், புதிய வெட்டு ஒன்று தெரிந்தால் அது யாருடைய நிலத்துக்குள் என்பது அதே நிமிடத்தில் தெரிந்தது. மாதாமாதம் இமாசோன் தந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு நகராட்சி ஆட்களே பண்ணைக்குப் போய் விசாரித்தார்கள். 2010-ல் பட்டியலிலிருந்து வெளியேறிய முதல் ஊர் பாராகோமினாஸ்.

2012-ன் வனச்சட்டம் இந்தப் பதிவேட்டை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் அதில் 80 விழுக்காட்டைக் காடாகவே விட வேண்டும் என்ற விதியைச் சரிபார்க்க வேறு வழியும் இல்லை. ஆனால் எல்லையை உரிமையாளரே வரைந்து தரலாம் என்பதில் ஓட்டை இருந்தது. அரசுக் காட்டை வளைத்துப் போட்டவர்கள் அதையும் தங்கள் பெயரில் பதிந்து, பதிவுச் சீட்டையே பட்டா போலக் காட்டத் தொடங்கினார்கள். காவலுக்கு வைத்த ஏடு களவுக்குச் சாட்சியாக மாறிய இந்த இடத்தில்தான் பிரேசில் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறது.

2019 ஜூலையில் நாட்டின் அதிபர் ஜாயிர் பொல்சொனாரோ, இன்பெயின் காடழிப்பு எண்கள் பொய் என்று வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இன்பெயின் இயக்குநர் ரிக்கார்தோ கல்வாவ் மறுநாளே வெளிப்படையாக மறுத்தார். ஆகஸ்டு தொடக்கத்தில் அவர் பதவி பறிபோனது. ஆனால் எண்கள் பறிபோகவில்லை. காரணம், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த ஒரு முடிவு. சிபெர்ஸ் படங்களை பிரேசில் 2004 முதல் இலவசமாகத் தந்தது. அதுவரை ஒரு படத்துக்கு 600 டாலர் வரை வாங்கிய அமெரிக்காவும் 2008-ல் லேண்ட்சாட் களஞ்சியம் முழுவதையும் திறந்துவிட்டது. ஆகவே இன்பெ சொன்னதை உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் அதே படங்களை எடுத்துத் தானே கணக்கிட்டுச் சரிபார்க்க முடிந்தது. 2019-ன் புரோடெஸ் கணக்கு 10,000 சதுர கி.மீ.யைத் தாண்டியது, 2021-ல் 13,038. கண்காணிப்பு அப்படியே இருந்தும், களத்தில் அமலாக்கம் தளர்ந்ததும் அழிவு ஏறியது. மேகம் சொன்ன அதே பாடம், இந்த முறை தெளிந்த வானத்துக்குக் கீழே.

மேகத்தை வெல்லும் வழி இப்போது வந்துவிட்டது. ராடார் தானே அலை அனுப்பித் தானே எதிரொலி வாங்குவதால் மேகமும் இரவும் அதற்குப் பொருட்டில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் 5.6 செ.மீ. அலை இலைகளிலும் சிறு கிளைகளிலும் பட்டுத் திரும்பிவிடும். 24 செ.மீ. நீளமுள்ள எல்-பேண்ட் அலை இன்னும் உள்ளே போய்ப் பெரிய கிளைகளையும் அடிமரத்தையும் தொடும். அதிலும் ஒரு சிக்கல்: புதிதாகச் சாய்த்துத் தரையில் போட்ட மரங்களும் எதிரொலி தரும், நிற்கும் காட்டைப் போலவே பிரகாசமாகத் தெரியும். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. அதன் எல்-பேண்ட் ராடார் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும் என்பதால் அமேசானின் மழை மாதங்களுக்கும் இனி தொடர்ந்து கணக்கு கிடைக்கும்.

நெருப்புதான் இன்னும் பிடிபடாத விஷயம். 2024 ஜூலையோடு முடிந்த ஆண்டுக்கு புரோடெஸ் சொன்ன எண் 6,288 சதுர கி.மீ.; முந்தைய ஆண்டைவிட 30 விழுக்காடு குறைவு. அதே 2024-ஐ ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்துக்கொண்டு, லேண்ட்சாட் படங்களிலிருந்தே கணக்கிட்ட குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளம், உலகின் வெப்பமண்டல முதன்மைக் காடுகளில் 67 லட்சம் ஹெக்டேர் இழப்பு என்றது. அதில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் நெருப்பு. பிரேசிலின் பங்குதான் எல்லா நாடுகளிலும் பெரியது. இரண்டு கணக்கும் சரி. முழுதாக மொட்டையடித்ததை மட்டும் புரோடெஸ் எண்ணுகிறது. மரக்கூரை கருகினாலும் மற்றது எண்ணிக்கொள்ளும். புரோடெஸின் விதியை மாற்றக் கூடாது என்பது என் கருத்து; 1988 முதல் வந்த சங்கிலி அறுந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை எண்ணைக் காட்டிக் காடு நலமாக இருக்கிறது என்று எந்த அமைச்சரும் சொல்லக் கூடாது.

மழைக்காட்டில் நெருப்பு பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குக்கூட எழாது. சருகுகளின் மேல் மெல்ல ஊர்ந்து போகும். பட்டை மெலிந்த மரங்கள் அந்தச் சூட்டிலேயே உள்ளுக்குள் வெந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சாயும். எரிந்த இடம் எது என்பதைப் படம் சொல்லும். அது யார் நிலம் என்பதைப் பதிவேடு சொல்லும். பற்றவைத்தவர் யார் என்பதை இரண்டும் சொல்லாது. ஒருவர் மேய்ச்சல் நிலத்தைச் சுத்தம் செய்ய வைத்த தீ பக்கத்து ஊரின் காட்டில் போய் முடிந்திருக்கலாம். வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் உணரி 375 மீட்டர் துல்லியத்தில் தீயைக் காட்டுகிறது, ஆனால் ஒரு செயற்கைக்கோளுக்கு நாளுக்கு இரண்டு பார்வைதான். 10 நிமிடத்துக்கு ஒரு படம் தரும் கோஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோளின் பட வரிசையைப் பின்னோக்கி ஓட்டினால் தீ முதலில் எங்கே கிளம்பியது என்று பார்க்க முடியும். அதன் பிக்சலோ 2 கி.மீ. அகலம், 400 ஹெக்டேர். ரொண்டோனியாவின் குடியேற்ற நிலங்களில் நான்கு அதற்குள் அடங்கிவிடும்.